வீட்டுச் சாமான் படகில் ஏறுமுன்



தோட்டம் என்றதும் மேட்டு நிலமும் பால்மரமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் நம் தோட்டங்களில் பல கடலை ஒட்டியும் இருக்கின்றன. பேரா மாநிலத்துப் பாகான் டத்தோவில் தென்னை. சிலாங்கூரின் சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர், கேரித் தீவு ஆகிய பகுதிகளில் செம்பனை. இப்படி உப்புக்காற்று வீசும் இடங்களிலும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்து வந்திருக்கிறார்கள். கடல்நீர் தோட்டத்துக்குள் புகாதபடி போட்டிருக்கும் மண்கரையின்மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் அலையாத்திக் காடு, அதற்கப்பால் சேறு, அதற்கும் அப்பால் மலாக்கா நீரிணை.

இத்தகைய இடங்களில் ஞாயிற்றுக்கிழமை வந்தால், தூண்டிலும் வலையும் எடுத்துக்கொண்டு சிறு சம்பானில் ஆற்று முகத்துவாரத்துக்குப் போகிறவர்கள் உண்டு. சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கு அந்த வாரத்துக் கறிச் செலவு மிச்சம். படகுக்கு வேண்டிய பொருள்களையெல்லாம் கடையில் வாங்குவதென்றால் பிடித்த மீனின் விலையைவிடச் செலவு கூடிவிடும். ஆகவே வீட்டில் கிடக்கும் டின், பாட்டில், வாளி, சாக்கு, பழைய செருப்பு ஆகியவை படகில் ஏறுகின்றன. இது நல்ல பழக்கமே. பால் டின்னைக் குவளையாக்கி, மாவுச் சாக்கைத் தலையணை உறையாக்கி வாழ்ந்த நம் பாட்டிமாருக்குச் சிக்கனத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அடுப்படியில் ஒரு பாத்திரம் உடைந்தால் குழம்பு கொட்டும், அவ்வளவுதான். படகில் ஒரு பொருள் உடைந்தால் உயிர் போகக்கூடும். எந்தப் பொருள் எந்த வேலைக்கு ஆகும், எந்த வேலைக்கு ஆகாது என்பதைத் தெரிந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மூன்று கேள்விகள்

வீட்டுப் பொருள் எதையும் படகில் ஏற்றுமுன் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று, இதில் முன்பு என்ன இருந்தது? இரண்டு, இது தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா, அமிழுமா? மூன்று, வேண்டிய நேரத்தில் இது கைகொடுக்காமற் போனால் நாம் இழப்பது மீனா, ஆளா?

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் மற்றவை கைவேலை மட்டுமே. ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்ப்போம்.

மருந்து டின்னைத் தொடாதீர்கள்

முதல் கேள்வியிலேயே தள்ளிவிட வேண்டிய பொருள் ஒன்று நம் தோட்டங்களில் தாராளமாகக் கிடைக்கிறது. அதுதான் புல்மருந்தும் பூச்சிமருந்தும் வந்த பிளாஸ்டிக் கலன். பார்த்தால் கெட்டியாக இருக்கும். மூடி இறுக்கமாக இருக்கும். கைப்பிடியும் உண்டு. குடிநீர் கொண்டுபோக இதைவிடத் தோதான பொருள் இல்லை என்றே தோன்றும். ஆனால் இதில் ஒரு சொட்டுக் குடிநீரும் ஊற்றக்கூடாது. மீன் போடக்கூடாது; உப்பு, புளி, பெட்ரோல் எதுவுமே வைக்கக்கூடாது.

ஏன்? பிளாஸ்டிக் கண்ணாடியைப் போன்றதன்று. மருந்து அதன் சுவரில் ஊறிக்கொள்ளும். சோப்புப் போட்டுப் பத்துமுறை கழுவினாலும், வெயிலில் காயவைத்தாலும், ஊறியது முழுவதும் வெளியேறாது. பின்னர் ஊற்றும் தண்ணீரில் அது சிறிது சிறிதாகக் கலந்துகொண்டே இருக்கும். தோட்டங்களில் பல ஆண்டுகள் பயன்பட்ட பாராகுவாட் என்னும் புல்மருந்து, ஒரு வாய் அளவு உள்ளே போனாலே உயிரைப் பறித்துவிடும். அதற்கு முறிமருந்து கிடையாது. மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் அது தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய கலன்கள் கொட்டகைகளிலும் வேலியோரங்களிலும் கிடக்கலாம். பெயர்த்தாள் உரிந்துபோன கலன் எதுவாயினும் அதை நஞ்சுக்கலன் என்றே எண்ணி ஒதுக்குங்கள். காலியான மருந்துக் கலனை மூன்றுமுறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பிறகு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி அடியில் குத்தி ஓட்டையாக்கி, ஸ்டோரிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

உரச்சாக்கு அத்தனை கொடியதன்று. நன்றாக அலசிய உரச்சாக்கில் மணல் நிரப்பிப் படகில் எடைக்கு வைக்கலாம். மீனையோ சோற்று மூட்டையையோ அதில் வைப்பது தகாது.

குடிநீருக்கு, குடிநீரோ பழரசமோ சமையல் எண்ணெயோ வந்த பாட்டிலே ஏற்றது. அதே போல, குடிநீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி எடுத்துச் செல்வதும் ஆபத்து. வெயிலில் தாகத்தோடு இருப்பவர் அதைத் தண்ணீர் என்று வாயில் வைத்துவிடக்கூடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்த ஆவி படகின் அடியிலேயே தங்கி நிற்கும். ஒரு பீடி நெருப்புப் போதும். எண்ணெய்க்கென்று செய்த கலனில் மட்டுமே பெட்ரோலை எடுத்துச் செல்ல வேண்டும். இங்கே சிக்கனம் பார்க்க இடமில்லை.

தண்ணீர் இறைக்கும் கோரி

சிறு படகில் நங்கூரத்தைக் காட்டிலும் முதலில் இருக்க வேண்டியது, உள்ளே வந்த தண்ணீரைக் கோரி வெளியே ஊற்ற ஒரு கலம். இதை நாம் கோரி என்றே அழைப்போம். வெளுப்பு மருந்தோ துணி சோப்புத் திரவமோ வந்த, கைப்பிடி உள்ள பாட்டிலை நன்கு அலசி எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை இறுக மூடி, கைப்பிடி மேலே வருமாறு பிடித்துக்கொண்டு, அடிப்பாகத்தைச் சாய்வாக வெட்டி எடுத்துவிட்டால் அருமையான கோரி தயார். டின்னில் செய்த கோரி படகின் பலகையைச் சுரண்டும். இந்தப் பிளாஸ்டிக்கோ சற்று வளைந்துகொடுத்துப் படகின் அடியோடு ஒட்டிக்கொள்ளும்; கடைசிக் கையளவு நீரையும் வழித்தெடுக்கும்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. பாட்டிலின் அடியில் முக்கோண வடிவில் அம்புக்குறியும் அதனுள் ஓர் எண்ணும் இருக்கும். எண் 2 என்றிருந்தால் அது மங்கலான, கெட்டியான பிளாஸ்டிக். அது தண்ணீரைவிட இலேசானது; வெட்டித் துண்டாக்கினாலும் மிதக்கும். எண் 5 உள்ளதும் மிதக்கும். எண் 1 என்பது கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் பான பாட்டில். மூடி போட்டுக் காற்று உள்ளே இருக்கும்வரைதான் அது மிதக்கும், வெட்டிவிட்டால் அமிழ்ந்துவிடும். தெளிந்த பாட்டிலில் கோரி செய்து கை தவறவிட்டால் அது போனது போனதுதான். எண் 2 உள்ள பாட்டிலில் செய்தால் படகோரமே மிதந்து நிற்கும். எப்படியிருந்தாலும் ஒரு கயிற்றால் கோரியைப் படகோடு கட்டி வைப்பது நல்லது.

கோரிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, 20 சென் காசு அளவுள்ள ஓட்டை ஒன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக ஒரு நிமிடத்தில் 25 லிட்டருக்கும் மேல் தண்ணீர் உள்ளே வரும். 2 லிட்டர் கோரியால் நிமிடத்துக்கு 15 முறை இறைத்தால் 30 லிட்டர் வெளியே போகும். அதாவது ஓர் ஆள் மூச்சுவிடாமல் இறைத்தால் வருவதும் போவதும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். அந்த ஆள் எத்தனை நிமிடம் தாங்குவார்? ஆகவே ஒருவர் இறைக்கும்போது இன்னொருவர் ஓட்டையை அடைக்க வேண்டும்.

அதற்கும் வீட்டுப் பொருளே உதவும். ஒரு முனை கூராகச் சீவிய மென்மரக் கட்டைகள் இரண்டு மூன்றும், பழைய கைலித் துண்டுகளும் படகில் எப்போதும் இருக்கட்டும். கட்டையில் துணியைச் சுற்றி ஓட்டையில் வைத்துத் தட்டினால், மரமும் துணியும் நீரில் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும். பிளவு நீளமாக இருந்தால் சைக்கிள் டியூப்பை அகலமாக வெட்டி மேலே வைத்து, ஒரு பலகைத் துண்டால் அழுத்திப் பிடிக்கலாம்.

உள்ளே நின்ற தண்ணீரைச் சிறிதுதானே என்று விட்டுவிடலாகாது. 50 லிட்டர் தண்ணீரின் எடை 50 கிலோ. ஐந்து 10 கிலோ அரிசி மூட்டைகளுக்குச் சமம். அரிசி மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். தண்ணீரோ படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். சாய்வதை மேலும் சாய்க்கும். சிறு படகு கவிழ்வதற்கு இது ஒரு பெருங்காரணம்.

பால்மாவு டின்னில் நங்கூரம்

பெரிய பால்மாவு டின்னில் சிமெண்டுக் கலவை ஊற்றி, நடுவே வளைத்த கம்பி ஒன்றைச் செருகிவிட்டால் நங்கூரம் ஆயிற்று என்று பலர் எண்ணுகிறார்கள். அமைதியான ஆற்றில் அது போதும். கடலில் போதாது. ஒரு லிட்டர் அளவுள்ள சிமெண்டுக் கட்டி தரையில் 2 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். தண்ணீருக்குள் போனதும் அதில் 1 கிலோ குறைந்துபோகும். ஏறக்குறையப் பாதி எடை போய்விடுகிறது. 8 கிலோ இரும்பு தண்ணீருக்குள் இழப்பதோ ஒரே ஒரு கிலோ. நம் கரையோரத்துச் சேற்றில் வெறும் எடை பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். தேவைப்படுவது கொக்கி.

ஆகவே டின்னில் சிமெண்டு ஊற்றும்போதே, கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி நான்கைப் பூவிதழ்போல் வெளியே நீட்டி வளைத்து வைக்க வேண்டும். அடியில் கொக்கிகள், மேலே கயிறு கட்டும் வளையம். கலவை இறுகிய பின் ஈரச் சாக்கால் மூடி ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்தால் உறுதி கூடும். கொக்கி, வேரிலோ கல்லிலோ மாட்டிக்கொள்ளக்கூடும். அதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. கயிற்றின் முனையைக் கொக்கிப் பக்கம் உள்ள அடிக்கம்பியில் கட்டுங்கள். பின் கயிற்றை மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் மட்டும் பிணைத்துவிடுங்கள். நங்கூரம் மாட்டிக்கொண்டால் வலுவாக இழுக்கும்போது நூல் அறுந்துவிடும். இழுப்பு அடிப்பக்கமாக மாறி, கொக்கி போன வழியே திரும்பி வரும். ஆனால் நூல் அறுந்தால் நங்கூரம் பிடி விடும் என்பதால், படகில் ஆள் விழித்திருக்கும்போது மட்டுமே இந்த முறை ஆகும்.

கயிற்றின் நீளமும் முக்கியம். செங்குத்தாகத் தொங்கும் கயிறு நங்கூரத்தைத் தூக்கிவிடும். சாய்ந்து நீளக் கிடக்கும் கயிறுதான் கொக்கியைச் சேற்றுக்குள் அழுத்தும். நீரின் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விடுவது நல்ல கணக்கு. ஆழத்தை அளக்கும்போது கடல் பெருக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிள்ளான் துறைமுகப் பகுதியில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே, மிகுதியான நாள்களில், சுமார் 4 மீட்டர் வேறுபாடு உண்டு. வற்றும் நேரத்தில் 3 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், பெருக்கு நேரத்தில் 7 மீட்டர் நிற்கும். 15 மீட்டர் கயிறு போதும் என்று விட்டவர் ஆறு மணி நேரத்தில் நங்கூரத்தோடு இழுபட்டுப் போவார். அவருக்கு வேண்டியது 35 மீட்டர். துணி காயப்போடும் கொடிக்கயிறு இந்த வேலைக்கு ஆகாது. அது வெயிலில் இற்றுப்போவது. படகின் இழுப்பைத் தாங்காது.

பெருக்கு எந்த நாளில் மிகுதி என்பதைச் சொல்லும் பொருளும் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. அதுதான் நாள்காட்டி. விரதத்துக்கும் பூசைக்கும் நாம் பார்க்கும் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டியும், அவை கழிந்த ஓரிரு நாள்களிலும் கடல் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும். நீரோட்டமும் வேகமாக இருக்கும். சப்தமி, அஷ்டமி நாள்களை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் குறைவு. புதிதாகத் துடுப்புப் பிடிக்கும் பிள்ளையை அத்தகைய அமைதியான நாளில் அழைத்துச் செல்வது அறிவுடைமை.

வாளி செய்யும் உதவி

ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில், பெரும்பாலும் விடியற்காலையில், சுமத்திரா என்று பெயர் பெற்ற காற்றும் மழையும் திடீரென்று அடிப்பதுண்டு. மேற்கு வானில் கறுத்த மேகம் வரிசைகட்டி வந்தால் மீனை மறந்துவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். திரும்ப முடியாமல், எஞ்சினும் நின்றுபோனால், படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். அதுவே ஆபத்தான நிலை.

அப்போது ஒரு வாளி உதவும். வாளியை நீளக் கயிற்றில் கட்டிப் படகின் முன்முனையிலிருந்து கடலில் விட்டால், அது நீர் நிறைந்து பின்னிழுக்கும். படகின் மூக்கு அலையை நோக்கித் திரும்பி நிற்கும். காற்று அடித்துச் செல்லும் வேகமும் குறையும். ஆனால் பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடி இந்த இழுப்பில் கழன்று வந்துவிடும். ஆகவே வாளியின் விளிம்புக்குக் கீழே நான்கு துளைகளிட்டு, நான்கிலும் கயிறு கோத்து, அவற்றை ஒன்றாக முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கரையிலேயே செய்து வைக்க வேண்டும். காற்று அடிக்கும்போது துளை போட நேரம் இராது.

செருப்பும் பாட்டிலும் மிதவையாக

தேய்ந்துபோன ஜப்பான் செருப்பின் அடி நல்ல மிதவை. அதை வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டி நடுவில் துளையிட்டு வலையின் மேற்கயிற்றில் கோத்துவிடலாம். அதற்குள் காற்று நுண்ணிய அறைகளில் அடைபட்டிருப்பதால், கீறினாலும் குத்தினாலும் மிதந்துகொண்டே இருக்கும். பாட்டில் மிதவை அப்படியன்று. ஓர் ஓட்டை விழுந்தால் தீர்ந்தது. வெயில் பட்டுப்பட்டுப் பிளாஸ்டிக் முறுகிப்போகும். விரலால் அழுத்தினால் வெடிக்கும் பாட்டிலை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது கடலில் தூளாகும். அதில் கட்டியிருந்த கூண்டோ வலையோ அடியில் கிடந்து, யாருக்கும் பயனில்லாமல் மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும்.

கத்தி, சாவி, டார்ச்சு விளக்கு போன்று அமிழும் பொருள் ஒவ்வொன்றிலும் ஒரு செருப்புத் துண்டைக் கட்டிவிடுங்கள். முதலில் வாளித் தண்ணீரில் போட்டு, அந்தத் துண்டு பொருளைத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

கைத்தொலைபேசியை, வாய் அகன்ற, மூடி இறுகும் பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு வைத்தால் நனையாது. தவறி விழுந்தாலும் ஜாடியோடு மிதக்கும். ஆபத்து நேரத்தில் 999 என்ற எண்ணை அழைக்க அதுவே துணை.

மீன் கெடாமல் வீடு சேர

நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. பான பாட்டில்களைக் கழுவி, நல்ல தண்ணீரைப் பத்தில் ஒன்பது பங்கு ஊற்றி, முதல் நாளே உறையவைத்து எடுத்துச் செல்லலாம். தண்ணீர் உறையும்போது பருக்கும். முழுக்க நிரப்பினால் பாட்டில் வெடித்துவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் ஐஸ் மீனின் இரத்தத்தோடு கலக்காது. உருகியபின் பாட்டிலின் வாயை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு அதையே குடிக்கலாம். ஒரே பொருள் இரண்டு வேலை செய்கிறது.

மீன் வரும் வெண்ணிறப் பஞ்சுப் பெட்டியில் இந்தப் பாட்டில்களை அடுக்கி, கரையை விட்டுத் தள்ளியுள்ள தெளிந்த கடல்நீரைச் சிறிது ஊற்றி, மீனை அந்தக் குளிர்நீரில் மூழ்கவையுங்கள். பாட்டில் தொட்ட இடம் மட்டும் குளிராமல் மீன் முழுதும் சீராகக் குளிரும். பெட்டியின்மேல் நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தினால், ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

கெம்போங் போன்ற மீன்களுக்கு இது மிக முக்கியம். அவை வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. முகம் சிவத்தல், தோல் தடிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை அது உண்டாக்கும். தாய்மார்கள் கவனிக்க வேண்டும்: எவ்வளவு புளி ஊற்றினாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு அழியாது. மீன் படகில் எப்படி இருந்தது என்பதுதான் சட்டியில் அது எப்படி இருக்கும் என்பதை முடிவு செய்கிறது.

பார்க்கவும் கேட்கவும்

மலாக்கா நீரிணை உலகிலேயே கப்பல் போக்குவரத்து மிகுந்த நீர்வழிகளில் ஒன்று. பெரிய கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. நம்மை அவர்கள் பார்ப்பதற்கு நாம்தான் வழி செய்ய வேண்டும். கப்பல்கள் மோதுவதைத் தடுக்க 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அனைத்துலக விதிகளின்படி, துடுப்பால் செலுத்தும் சிறு படகிலும் இரவில் வெண்ணிற ஒளி தரும் டார்ச்சோ விளக்கோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டார்ச்சைத் தண்ணீர் நிறைந்த வெள்ளைப் பாட்டிலின் அடியில் வைத்தால் படகுக்குள் ஒளி பரவும். முடிச்சுப் போடவும் தூண்டில் கோக்கவும் அது போதும். ஆனால் கப்பலுக்குக் காட்ட, பாட்டிலை எடுத்துவிட்டு ஒளியை நேரே காட்ட வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கை எஞ்சின் படகில் ஏற்றக்கூடாது.

மூடுபனியிலும் கடும் மழையிலும் ஒளி பயன்படாது, ஓசை வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகு, 2 நிமிடத்துக்கு மேற்படாத இடைவெளியில், நன்கு கேட்கக்கூடிய ஓசை எழுப்ப வேண்டும் என்பது அதே விதி. ஓர் அலுமினியத் தட்டும் இரும்புக் கரண்டியும் அதற்குப் போதும். ஒரு ஊதுகுழல் கழுத்தில் தொங்கினால் இன்னும் நல்லது. பகலில் பால்மாவு டின்னின் பளபளக்கும் மூடியையோ பழைய இசைத்தட்டையோ வெயிலுக்குக் காட்டி அசைத்தால், அதன் மின்னல் பல கிலோமீட்டருக்குத் தெரியும்.

வீட்டுப் பொருளால் ஆகாத ஒன்று

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதுவரை சொன்ன பொருள்களில் பல கைவிட்டால் நாம் இழப்பது ஒரு வலை, ஒரு கூடை மீன். மற்றவை, ஆபத்து வந்தபின் துணை நிற்பவை. ஆனால் நீரில் விழுந்தவரை மிதக்கவைக்கும் பொருள் அப்படிப்பட்டதன்று.

இரண்டு எண்ணெய்க் கலன்களைக் கயிற்றால் பிணைத்து, இதுதான் என் மிதவைச் சட்டை என்று சொல்பவர் உண்டு. 5 லிட்டர் வெறுங்கலன் ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தாங்கும் என்பது உண்மையே. கையால் பற்றிக்கொண்டிருக்கும்வரை அது ஒருவரைத் தாங்கும். ஆனால் தலையில் அடிபட்டு மயங்கியவர் எதையும் பற்றமாட்டார். கலன் அவர் முதுகுப் பக்கம் போய்விட்டால் முகத்தைத் தண்ணீருக்குள்ளேயே அழுத்திவிடும். முறையாகச் செய்த உயிர்காப்புச் சட்டை, கழுத்துப் பின்புறமும் மார்பிலும் மிதவைகளை வைத்துத் தைக்கப்பட்டது. அமைதியான நீர்நிலைக்கானது சுமார் 10 கிலோவையும், திறந்த கடலுக்கானது சுமார் 15 கிலோவையும் தாங்கும் வலு உடையது. அணிந்தவரை மல்லாத்தி, வாயும் மூக்கும் நீருக்கு மேலே இருக்கச் செய்வதே அதன் வேலை. இந்த வேலையை எந்தப் பாட்டிலாலும் செய்ய முடியாது. ஆகவே படகில் எத்தனை பேரோ அத்தனை சட்டை. பிள்ளைக்குப் பிள்ளையின் அளவில் உள்ள சட்டை. அது பெட்டியில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும்.

கலனுக்கு வேறு வேலை கொடுக்கலாம். ஒரு கலனில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி, கைப்பிடியில் 15 மீட்டர் கயிறு கட்டி வையுங்கள். உள்ளிருக்கும் சிறிது நீரின் கனத்தால் வீசும்போது காற்றில் அலையாமல் தூரம் போகும். விழுந்தவரைத் தாண்டி வீசி, கயிறு அவர் கைக்கு எட்டும்படி இழுக்க வேண்டும். அவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதைவிட இது மேலானது. குதித்தவரும் சேர்ந்து மூழ்கிப்போவது ஊரறிந்த துயரம்.

கரையில் இருப்போர் கடமை

படகில் போகாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கே போகிறோம், யார் யார் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைப் பிள்ளையின் பழைய பாடநோட்டுத் தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரம் கடந்தும் வராவிட்டால், இருட்டும்வரை காத்திராமல் 999ஐ அழைப்பது வீட்டிலிருப்போர் கடமை. தேடுகிறவர்களுக்கு அந்தத் தாள் கடலையே சுருக்கிக் கொடுக்கும்.

திரும்பி வந்தபின் படகைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்த படகிலும், முட்டுக்குக் கட்டிய பழைய டயரிலும் மழைநீர் தேங்கினால் டிங்கி கொசு முட்டையிடும். டயரின் அடியில் நான்கு துளை போட்டுவிட்டால் நீர் நிற்காது. மீன்பிடிப் படகுக்கு உரிமம் வேண்டும் என்பதையும், வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் மறக்கலாகாது.

நேயர்களே, சிக்கனம் நம் குடும்பங்களைக் காத்த குணம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. கோரியிலும் மிதவையிலும் நங்கூரத்திலும் ஐஸ் பாட்டிலிலும் மிச்சம் பிடியுங்கள். அப்படி மிச்சம் பிடித்த காசைச் சேர்த்து உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். வீட்டுப் பொருள் படகில் ஏறலாம். ஏறியவர் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும்.